சந்தன நிற லெதர் சீட்டில் சாம்பார்: மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது, என்ன செய்யலாம்?

நொய்யல் (கோவை)

அனைவருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பினோம். மீந்த சாம்பாரைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் கேட்கிற உறவா அது? தாராபுரம் தாண்டியதும் ஒரு வேகத்தடையில் மூடி கழன்று, பின்சீட்டின் நடுவிலிருந்து இடது ஓரம்வரை ஓடிவிட்டது.

வழியிலேயே துண்டால் ஒற்றி எடுத்தோம். எண்ணெய்ப் பசையோடு மஞ்சள் திட்டு தங்கிவிட்டது. மறுநாள் வாட்டர் வாஷ் கடையில் விட்டேன். அங்கிருந்த பையன் சோப்புத்தூளைக் கரைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் போய்ச் செம்மண் நிறம் வந்துவிட்டது. "லெதர் வெந்துபோய்விட்டது சார், கவர் மாற்றிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர்.

கார் வாங்கும்போதே கம்பெனியிலிருந்து வந்த லெதர் சீட், ஐந்து வயது. தையல் வரிசையில் இன்னும் கடுகு உட்கார்ந்திருக்கிறது. உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டுமா?

தாமிரபரணி (நெல்லை)

பெருங்காய வாசனை இலவசமாகக் கிடைத்ததே, அதைச் சொல்லவில்லையே நீங்கள்.

சோதனைக்குழாய் (திருச்சி)

நொய்யல், எதுவும் வேகவில்லை. உங்கள் வீட்டில் ஆரத்தி எப்படிக் கரைக்கிறார்கள்? மஞ்சள் நீரில் சிட்டிகை சுண்ணாம்பு. தட்டு சிவந்துவிடுகிறது. உங்கள் சீட்டில் நடந்ததும் அதுதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருக்கும், சுண்ணாம்பு, சோப்பு போன்ற காரம் பட்டால் சிவக்கும். துணி துவைக்கும் சோப்புத்தூள் நல்ல காரம். மஞ்சள் தடவிய தாளை வைத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டுகிற பரிசோதனையை அந்தப் பையன் உங்கள் சீட்டில் செய்து காட்டியிருக்கிறான், அவ்வளவுதான்.

சந்தேகமிருந்தால் ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, பஞ்சில் நனைத்து, சிவப்பின் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். மஞ்சளுக்குத் திரும்பும். அதனால் கறை போய்விடாது. சோப்பின் மிச்சம் சீட்டில் இன்னும் இருக்கிறது என்பது தெரியவரும்.

மல்லிகைமொட்டு (மதுரை)

அண்ணா, கவலைப்படாதீர்கள். வெள்ளைப் பற்பசையைத் தடவிக் கால் மணி நேரம் விட்டுப் பழைய பிரஷால் தேயுங்கள். பிறகு தேங்காய் எண்ணெய் ஒரு கோட்டிங். புது சீட் மாதிரி மின்னும். எங்கள் வீட்டில் எல்லாக் கறைக்கும் இதுதான்.

வெட்புளூ (இராணிப்பேட்டை)

பற்பசையைப் பல்லோடு நிறுத்துங்கள், அம்மா. எண்ணெயைத் தலையோடு நிறுத்துங்கள்.

நொய்யல், நான் தோல் பதனிடும் ஆலையில் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கவர் மாற்றுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். லெதர் சீட்டில் உங்கள் கை படுவது தோலின் மேல் அல்ல. மாட்டுத்தோலைக் குரோம் உப்பில் பதனிடுகிறோம். அந்தக் கட்டத்தில் அது வெளிர் நீலமாக இருக்கும், அதைத்தான் வெட் புளூ என்போம். பிறகு சாயம், அதன்மேல் நிறமிப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற பாலியூரிதேன் பூச்சு. இந்தப் பூச்சுகள் அத்தனையும் சேர்ந்தால்கூடப் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வராது. உங்கள் சாம்பார் விழுந்தது இந்த மெல்லிய ஏட்டின் மேல். கறை போகவேண்டும், ஏடு போகக்கூடாது. சீட்டைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கறையால் கெட்டவர்கள் அல்லர், வைத்தியத்தால் கெட்டவர்கள்.

பற்பசையில் பல்லைத் தேய்ப்பதற்கென்றே நுண்ணிய கனிமத் தூள் இருக்கிறது. அது பூச்சையும் தேய்க்கும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கிறார்களே, அதுவும் மிக நுண்ணிய உப்புத்தாள்தான். தேய்த்த இடம் மினுமினுப்பதைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று மகிழ்கிறார்கள். மேற்பூச்சின் சொரசொரப்பு மழுங்கியதால் வந்த மினுக்கு அது.

இப்போது வேலைக்கு வருவோம். சீட்டின் மறைவான ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. உறிஞ்சிக் கருத்தால், பூச்சு தேய்ந்திருக்கிறது அல்லது பூச்சே இல்லாத அனிலின் வகைத் தோல். அப்படியானால் கையை எடுத்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

முத்தாக நின்றால், முதல் வேலை சோப்பை எடுப்பது. குழாய்த் தண்ணீர் வேண்டாம். கோவை ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் உப்பு காய்ந்ததும் வெள்ளை வளையம் போடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியை அதில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுங்கள். சோதனைக்குழாய் சொன்ன வினிகர் நீரையும் ஒருமுறை ஒற்றலாம். குரோம் தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உள்ளது. இலேசான அமிலத்தைத் தாங்கும், காரத்தைத்தான் தாங்காது.

அடுத்தது எண்ணெய். லெதர் கிளீனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு இரண்டு சொட்டை ஒரு குவளை டிஸ்டில்டு வாட்டரில் அடித்து நுரையாக்குங்கள். நுரையை மட்டும் வழித்து மென்மையான பிரஷில் வைத்து, வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வட்டமாகப் போங்கள். நடுவிலிருந்து வெளியே போனால் கறைக்கு நீங்களே பட்டா போட்டுக் கொடுத்தது போல ஆகும். உடனே துடையுங்கள்.

துணி ஏன் வெள்ளையாக இருக்கவேண்டும்? ஆலையில் வெஸ்லிக் என்று ஒரு இயந்திரம் உண்டு. வெள்ளைக் கம்பளித் துண்டைத் தோலின்மேல் முன்னும் பின்னும் தேய்க்கும், உலர்ந்த நிலையில், ஈரத்தில், செயற்கை வியர்வையில் நனைத்து. துண்டில் நிறம் ஏறினால் அந்தத் தோல் சீட்டுக்குப் போகாது. உங்கள் கையிலிருக்கும் துணிதான் உங்கள் வெஸ்லிக். மஞ்சள் ஏறினால் தொடருங்கள். சந்தன நிறம் ஏறினால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

பேட்டர்ஸ்ரோடு (சென்னை)

பெரியவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சீட் கவர் கடை நடத்துகிறவனாக ஒரு கேள்வி. அது முழுக்க லெதர்தானா? "லெதர் சீட்" என்று விற்கும் பல கார்களில் உட்காரும் நடுப்பகுதியும் முதுகு சாயும் பகுதியும்தான் தோல். பக்கவாட்டும் பின்புறமும் ரெக்சின். சிலவற்றில் தோலே கிடையாது, "லெதரெட்" என்று விளம்பரத்தின் ஓரத்தில் போட்டிருப்பார்கள்.

சீட்டின் அடியில் கையை விட்டு, வெட்டுமுனை தெரியும் இடத்தைப் பாருங்கள். உள்பக்கம் பஞ்சுபோல நார் நாராக இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். மேலே உள்ள வரிகளும் காட்டிக்கொடுக்கும். ரெக்சினில் ஒரே கோலம் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வரும்.

நொய்யல் (கோவை)

பார்த்துவிட்டேன். நடுப்பகுதியின் அடியில் நார், இடது ஓரத்தில் துணி. ஆக, பாதி லெதருக்கு முழு விலை கொடுத்திருக்கிறேன்! தண்ணீர்ச் சொட்டு இரண்டிலும் முத்தாக நிற்கிறது. வினிகர் நீர் பட்ட இடம் கண்ணெதிரே மஞ்சளாகத் திரும்பியது. என் மகள் அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள்.

நுரையும் போட்டுவிட்டேன். துணியில் எண்ணெயும் மஞ்சளும் நிறைய வந்தன. தோல் பகுதியில் இப்போது வெளிர் மஞ்சள் நிழல்தான். ரெக்சின் ஓரத்தில் மட்டும் அழுத்தமாக இருக்கிறது. இதற்கு மேல் துணியில் எதுவும் ஏறவில்லை. என் மைத்துனர் சானிடைசர் போட்டால் போய்விடும் என்கிறார். மஞ்சள் ஆல்கஹாலில் கரையும் என்று படித்தாராம்.

சோதனைக்குழாய் (திருச்சி)

உங்கள் மைத்துனர் படித்தது சரி. குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலிலும் எண்ணெயிலும் கரையும். சாம்பாரின் எண்ணெய்தான் அதைச் சுமந்துகொண்டு போய்ப் பூச்சுக்குள் நுழைத்திருக்கிறது. அதனால்தான் தண்ணீரால் எவ்வளவு துடைத்தும் அசையவில்லை.

வெட்புளூ (இராணிப்பேட்டை)

படித்தது சரி, செய்தால் தவறு. சானிடைசரில் பெரும்பாலும் 60 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால். அது மஞ்சளைக் கரைக்கும்போது பூச்சையும் இளக்கும். 2020-க்குப் பிறகு எத்தனை கார்களில் ஸ்டீயரிங்கும் கியர் குமிழும் பிசுபிசுத்துத் தோலுரிந்து போயின என்று பேட்டர்ஸ்ரோடு சொல்லட்டும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் இவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். கறை போய்விடும், கூடவே சீட்டின் நிறமும் போய்விடும்.

பால்பாயிண்ட் பேனா மை ஒன்றுக்கு மட்டும் நான் ஆல்கஹாலை ஒத்துக்கொள்வேன். அதுவும் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கோட்டின் மேல் மட்டும் உருட்டி, உடனே ஈரத்துணியால் துடைக்கவேண்டும். உருட்டவேண்டும் என்றேன், தேய்க்கக்கூடாது. உள்ளங்கை அகல மஞ்சள் கறைக்கு அது ஆகாது.

மஞ்சளுக்கு மருந்து வெயில். வெள்ளை வேட்டியில் சாம்பார் பட்டால் உங்கள் அம்மா என்ன செய்வார்? துவைத்து வெயிலில் போடுவார், மஞ்சள் மட்டும் காணாமல் போகும். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். சீட்டிலும் அதேதான்.

பேட்டர்ஸ்ரோடு (சென்னை)

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. லெதரை வெயிலில் போடு என்று நீங்களே சொல்லலாமா? வெடித்துப்போன சீட்டுகளைத் தினமும் பார்க்கிறேன். எல்லாம் வெயிலில் நிறுத்திய வண்டிகள். பின்கண்ணாடியை ஒட்டிய மேல்விளிம்பு கருவாடு மாதிரி சுருங்கியிருக்கும்.

வெட்புளூ (இராணிப்பேட்டை)

நீங்கள் பார்ப்பது ஆண்டுக்கணக்கில் பூட்டிய காருக்குள் வெந்தவை. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரிக்கு மேல் ஏறும். தினமும் அந்தச் சூட்டில் கிடந்தால் தோலிலுள்ள கொழுப்பும் ஈரமும் போய் வெடிக்கத்தான் செய்யும். நான் சொல்வது வெளிச்சம், சூடு அல்ல. காலை இளவெயிலில் கதவைத் திறந்துவைத்து, கறையின் மேல் மட்டும் நேராக ஒளி படும்படி நிறுத்தவேண்டும். மற்ற இடத்தைத் துண்டால் மூடவேண்டும். கையை வைத்தால் சுடும் நேரம் வந்ததும் நிழலுக்கு. சில நாள் காலையில் அப்படிச் செய்தால் எந்தப் பூச்சும் வெடிக்காது. ஹேர் டிரையரை மட்டும் கையில் எடுக்காதீர்கள். அது ஒரே இடத்தைச் சுட்டுச் சுருக்கும்.

பேட்டர்ஸ்ரோடு (சென்னை)

கதவு திறந்து, காலை வெயில் என்றால் சரி. நம் ஆட்கள் "வெயில்" என்று படித்ததும் உச்சிப்பொழுதில் மொட்டைவெளியில் நிறுத்திவிட்டுத் தூங்கப்போவார்கள் என்பதால்தான் கேட்டேன்.

ஏற்காட்டான் (சேலம்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஃபில்டர் காபி. முன்சீட், துளை போட்ட லெதர், உள்ளே காற்று வீசும் மின்விசிறி உள்ள வகை. மேலே கறையே இல்லை, பளிச்சென்று இருக்கிறது. ஆனால் மத்தியானம் காரைத் திறந்தால் புளித்த பால் வாடை மூக்கைத் துளைக்கிறது. விசிறியைப் போட்டால் அந்த வாடை எனக்கே வீசுகிறது.

பேட்டர்ஸ்ரோடு (சென்னை)

இது சாம்பாரைவிடக் கடினம். காபி துளைகள் வழியாக அடியிலுள்ள ஃபோமுக்குப் போய்விட்டது. பால் அங்கே கெட்டுக்கொண்டிருக்கிறது. மேலே வாசனைத் திரவியம் அடித்துப் பயனில்லை, ஊதுபத்தி கொளுத்தினாலும் இல்லை.

மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஊற்றினால் பால் இன்னும் கீழே இறங்கும், விசிறியும் வயரும் நனையும். ஈரத்தை உறிஞ்சும் வாக்குவம் கிளீனரின் வாயைத் துளைகளின் மேல் அழுத்திப் பிடித்து, முதலில் இருப்பதை இழுங்கள். பிறகு பால், சிறுநீர், வாந்தி போன்றவற்றுக்கென்றே விற்கும் என்சைம் கிளீனரை, லெதருக்கு ஆகும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, துணியில் நனைத்து அழுத்துங்கள். புட்டியில் சொன்ன நேரம் ஊறவிட்டு மறுபடி வாக்குவம். ஒரே தடவையில் போகாது.

அப்போதும் போகாவிட்டால் கவரைக் கழற்றி ஃபோமைத் தனியே சுத்தம் செய்யவேண்டும். அதை வீட்டில் தொடவேண்டாம். முன்சீட்டின் பக்கத்தில் ஏர்பேக் இருக்கும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட வயர் தெரிந்தால் அது அதன் இணைப்பு. பேட்டரியைக் கழற்றாமல் அதைப் பிடுங்கினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், ஏர்பேக் வெடித்துவிடும் ஆபத்தும் உண்டு. முறையான பட்டறையில் கொடுங்கள்.

மல்லிகைமொட்டு (மதுரை)

வெட்புளூ ஐயா, பற்பசையை விட்டுவிட்டேன். தேங்காய் எண்ணெயை விட மனமில்லை. தோலுக்கு எண்ணெய் நல்லதுதானே? செருப்புக்குப் போடுகிறோமே?

வெட்புளூ (இராணிப்பேட்டை)

அந்தக் காலத்துச் செருப்பு ஆவாரம்பட்டையில் பதனிட்ட, பூச்சில்லாத தோல். எண்ணெயைக் குடிக்கும், இளகும். பூச்சுள்ள கார் சீட் குடிக்காது. எண்ணெய் மேலேயே நின்று தூசியைப் பிடித்து அழுக்காகும், நாளாக நாளாகச் சிக்குவாடை அடிக்கும். உங்கள் காரில் ஓட்டுநர் சீட்டின் தலைசாயும் இடத்தைத் தடவிப் பாருங்கள், பிசுபிசுப்பாக இருக்கிறதா?

மல்லிகைமொட்டு (மதுரை)

இருக்கிறது. கறுப்பாகவும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார் எங்கள் வீட்டுக்காரர்.

வெட்புளூ (இராணிப்பேட்டை)

தலையெண்ணெயும் வியர்வையும் நாள்பட்டால் மேற்பூச்சை இளக்கிவிடும். அதன்மேல் அவரும் ஊற்றியிருக்கிறார். நுரை வைத்தியத்தையே மென்மையாகச் செய்யுங்கள். துணியில் கறுப்பு ஏறும்வரை அழுக்கு, சீட்டின் நிறம் ஏறினால் நிறுத்துங்கள். பிறகு தலைக்கு ஒரு பருத்தி உறை போட்டுவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொள்ளட்டும். இரண்டும் பிழைக்கும்.

தாமிரபரணி (நெல்லை)

எனக்கும் ஒன்று. பிள்ளைகளுக்குக் கொசு விரட்டும் களிம்பு தடவிக் காரில் ஏற்றினேன். கை வைக்கும் ரெக்சினில் விரல் ரேகை பதிந்து ஒட்டுகிறது. எதைப் போட்டும் போகவில்லை.

சோதனைக்குழாய் (திருச்சி)

களிம்பில் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் இருக்கிறதா பாருங்கள். டீட் பல பிளாஸ்டிக்குகளை இளக்கும். கறையாக இருந்தால்தானே போகும்? உங்கள் ரெக்சினே உருகியிருக்கிறது. துடைத்துவிட்டு ஆறவிடுங்கள். பிசுபிசுப்பு குறையலாம், ரேகை இருக்கும். திருடன் வந்தால் போலீசுக்கு உதவும்.

நொய்யல் (கோவை)

நிலவரம் சொல்கிறேன். காலையில் வண்டியைக் கிழக்கு பார்த்து நிறுத்திப் பின்கதவைத் திறந்துவைத்தேன். தெருவில் எல்லோரும் என்ன விற்பனைக்கா என்று கேட்டுவிட்டார்கள். தோல் பகுதியில் நிழல் நாளுக்கு நாள் வெளுத்து, இப்போது தெரிந்தவன் காட்டினால்தான் தெரியும். ரெக்சின் ஓரமும் வெளுக்கிறது, ஆனால் மெதுவாக. தையல் நூல்தான் அசையவில்லை. கடுகை எல்லாம் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிட்டேன். நூல் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஆரஞ்சாக இருக்கிறது. அதன்மேல் மட்டும் கொஞ்சம் ப்ளீச் தொடலாமா?

வெட்புளூ (இராணிப்பேட்டை)

கூடாது. நூலுக்குப் பூச்சு கிடையாது, அதனால் உள்ளே குடித்துவிட்டது. ப்ளீச் நூலோடு நிற்காமல் ஊசித்துளை வழியாகத் தோலின் வெட்டுமுனைக்குப் போகும், அங்கேயும் பூச்சு இல்லை. இணைப்புப் பலவீனமாகும். வெயிலையே தொடருங்கள், நூலுக்கும் வெளிச்சம்தான் மருந்து, நேரம்தான் கூடுதல். ரெக்சினுக்கும் அப்படியே. எல்லாம் முடிந்ததும் நீரை அடிப்படையாகக் கொண்ட லெதர் கண்டிஷனரை மிக மெல்லிதாக ஒருமுறை துடைத்துவிடுங்கள். பளபளப்புக்குப் போடும் சிலிகான் பாலிஷ் வேண்டாம், பிரேக் போட்டால் பிள்ளைகள் வழுக்கிக் கீழே போவார்கள்.

பேட்டர்ஸ்ரோடு (சென்னை)

நூல் கடைசிவரை வெளுக்காவிட்டாலும் முழு கவரையும் மாற்றவேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் பிரித்து, பழைய துளையிலேயே அதே நிற நூல் விட்டு மறுதையல் போடத் தெரிந்த தையல்காரர்கள் எல்லா ஊர் சீட் கடைகளிலும் இருக்கிறார்கள். புதுத் துளை போடுகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். தோலில் போட்ட துளை மூடாது.

ஏற்காட்டான் (சேலம்)

என்சைம் வாங்கி ஆரம்பித்திருக்கிறேன். வாக்குவம் இழுத்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் இன்னும் இரண்டு டம்ளர் காபி போடலாம். வாடை பாதியாகிவிட்டது. பேட்டர்ஸ்ரோடு, மறுபடி ஊறவைப்பதற்கு முன் முழுக்கக் காயவிடவேண்டுமா?

பேட்டர்ஸ்ரோடு (சென்னை)

வேண்டாம், இழுத்த கையோடு அடுத்ததைப் போடலாம். என்சைமுக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் அது வேலை செய்யாது. கடைசி முறைக்குப் பிறகு கண்ணாடிகளை இறக்கி, நிழலில், வாடையும் ஈரமும் போகும்வரை விசிறியை ஓடவிடுங்கள். ஃபோம் காயாமல் கண்ணாடியை ஏற்றினால் பூஞ்சை வரும், அதற்கு இங்கே தனியாக இன்னொரு கேள்வி-பதில் இழை தொடங்கவேண்டியிருக்கும்.